மணித்தூணும் ஆரத்தித் தண்ணீரும்

கோல சிலாங்கூர் காவல் நிலையத்தில், 1986-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ஆம் தேதி காலை, சார்ஜன் நல்லசாமி முன்னிலையில் சாட்சி தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளப்பட்டது.

என் பெயர் அர்ஜுனன், தகப்பனார் பெயர் செல்லன், காலமாகிவிட்டார். வயது நாற்பத்தெட்டு. புக்கிட் ரோத்தானை ஒட்டிய தோட்டத்தில், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், கீழ் லயத்துக் கடைசி வீட்டில், மனைவி லெட்சுமியோடும் மாமியாரோடும் குடியிருக்கிறேன். முன்பு அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினேன். இப்போது பாகு கம்பெனியில் மணித்தூண் பார்க்கும் ஆளாக இருக்கிறேன். பெயர்தான் அர்ஜுனன், உடம்பு பீமனுடையது என்பதை ஐயா நேரிலேயே பார்க்கிறீர்கள். லயத்தில் என்னை 'ரேடியோ' என்று கூப்பிடுவார்கள். அந்த ரேடியோவுக்கு மூடுகிற பொத்தான் இல்லை என்பது என் மனைவியின் நெடுநாள் புகார். கதை வேண்டாம், நடந்ததை வரிசையாகச் சொல் என்று சார்ஜன் ஐயா சொன்னதால், இனி வரிசையாகச் சொல்கிறேன்.

இறந்துபோன சன்னாசி என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர். எங்களுக்குள் ரத்த உறவு கிடையாது. அவர் மனைவி இராஜம்மா என்னை அண்ணே என்று கூப்பிடுவதால் அவர் எனக்கு மச்சான் ஆனார். இராஜம்மா அதே கம்பெனியின் கேன்டீனில் சமையல் செய்கிறார். கம்பெனியின் கெமிஸ்ட் திரு. சிவானந்தம். ரவாங்கைச் சேர்ந்தவர், படித்தவர். தூண் சம்பந்தமான எல்லா உத்தரவும் அவர் வாயிலிருந்துதான் எங்களுக்கு வரும்.

மணித்தூண் என்றால் என்ன என்று ஐயா கேட்டதற்குச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் மரவள்ளி மாவைக் கரைத்துச் சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறோம். அந்தப் பாகை இரண்டு மாடி உயரமுள்ள ஓர் இரும்புத் தூணுக்குள் மேலிருந்து விட்டால், கீழே வரும்போது இன்னும் அதிக இனிப்பாக வரும். அதைக் குளிர்பானம் செய்கிறவர்கள் வாங்கிப் போவார்கள். தூணுக்குள்ளே சவ்வரிசி போல மணிகள் நிரம்பியிருக்கும். மணி வெறும் வீடுதான். அதிலே ஒட்டி வைத்திருக்கும் என்சைம் என்கிற சரக்குதான் வேலைக்காரன். முன்காலத்தில் அந்தச் சரக்கைப் பாகிலேயே கொட்டிக் கலக்குவார்களாம், வேலை முடிந்ததும் பாகோடு பாகாகப் போய்விடுமாம். மணியில் ஒட்டிவிட்டால் பாகு போகும், வேலைக்காரன் போகமாட்டான். மறுநாளும் அதே இடத்தில் நின்று வேலை செய்வான். எங்களை லயத்தில் ஒட்டி வைத்த மாதிரி என்று நான் சொன்னேன். அதை எழுத வேண்டுமா என்று ஐயா கேட்டார். எழுதினாலும் சரி, விட்டாலும் சரி என்றேன்.

மணிகளுக்குச் சூடு கூடக் கூடாது, புளிப்பு ஆகாது, சுண்ணாம்பு ஆகவே ஆகாது, காற்றும் படக் கூடாது. இதெல்லாம் சிவானந்தம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. காற்றுப் படாமல் இருக்கத் தூணின் தலையில் நைட்ரஜன் வாயு போய்க்கொண்டே இருக்கும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. நாம் மூச்சு விடும் காற்றிலும் அதுதான் முக்கால் பங்கு என்று அவர் சொல்லியிருந்ததால், அதைப் பார்த்து எங்களில் யாரும் பயந்ததில்லை. அந்த வாயுவைத் திறந்து மூட, தூண் உச்சியில் ஆள் நிற்கிற மேல் தட்டில் ஒரு சிவப்புச் சக்கரம் உண்டு. சுவரில் மாட்டிய கடிகாரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அந்தச் சக்கரத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கொஞ்ச காலம் முன்பிருந்தே பாகில் இனிப்பு குறைந்துகொண்டு வந்தது. மணிக்கு வயதாகிவிட்டது, புது மணி போட வேண்டும் என்று சிவானந்தம் மெனேஜரிடம் கேட்டதும், இன்னும் கொஞ்சம் ஓட்டு என்று மெனேஜர் சொன்னதும் கேன்டீனில் எல்லாருக்கும் தெரியும்; அதை எல்லாருக்கும் தெரியவைத்தவன் நான்தான். அதன் பிறகு பூஜை வந்தது. வருடா வருடம் கம்பெனி அனுமதியோடுதான் பூஜை நடக்கும். அனுமதி இல்லாமல் நடந்ததாக இப்போது சொல்வது பொய். மெனேஜர் வீட்டிலிருந்தே பழத்தட்டு வந்தது.

பூஜை அன்று இராஜம்மா எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, பொட்டு இட்டார். மேல் தட்டுவரை ஏறிப்போய் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். கடைசியில் ஆரத்தி. தட்டில் கரைத்தால் அந்தத் தூணுக்கு எந்த மூலைக்குப் போதும் என்று ஒரு வாளியில் கரைத்திருந்தார். சிவானந்தம் முன்னால் நின்று, "நல்லாச் சுத்திப் போடும்மா, மணிக்குக் கண்ணு பட்டிருக்கு" என்று சொன்னார். இதை நானும் கேட்டேன், மூட்டை கட்டும் பகுதி ஆட்களும் கேட்டார்கள். அதன் பிறகு இராஜம்மா வாளியோடு தூணைச் சுற்றி வந்து, லோரிக்குச் சக்கரத்தடியில் ஊற்றுவது போலத் தூணின் அடியில் ஊற்றினார்.

தூணின் அடியில் ஒரு குழி இருக்கிறது. சிந்துகிற பாகு வீணாகக் கூடாது என்று, அந்தக் குழியில் விழுவதைப் பம்பு தானாகவே இழுத்துத் திரும்பவும் மேலே அனுப்பும். அது எங்களுக்குத் தினமும் கண்ணில் படுகிற விஷயம்தான், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. மஞ்சள் தண்ணீர் சிவக்க வேண்டுமானால் அதில் சுண்ணாம்பு சேர வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்பு மணிக்கு எமன் என்பது கெமிஸ்டுக்குத் தெரியும். ஊற்றும்போது இரண்டையும் யோசிக்க வேண்டியவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நானும்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன், என் வேண்டுதல் சுண்டலைப் பற்றியது.

அதன் பிறகு இரண்டொரு நாளில் பாகில் இனிப்பு இன்னும் இறங்கியது. தூணின் மேல் மூடியைத் திறந்து விளக்குப் பிடித்துப் பார்த்தபோது, மணிகளின் மேல் அடுக்கு மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தது. சிவானந்தம் அதைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். பிறகு, ஒரு வாளி ஆரத்தி ஒரு தூணைக் கொன்றுவிடாது, கிழடாகிப்போன மணிதான் இது, ஆனால் மெனேஜரிடம் சொல்ல எனக்கு இது ஒன்று போதும் என்றார். இனிப்பு குறைந்ததற்கு இராஜம்மாவைக் காட்டிவிடலாம் என்பதுதான் அதன் அர்த்தம், அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு அவர் சன்னாசியைக் கூப்பிட்டு, பாகை மணிக்குக் கீழே வடியவிட்டு, உள்ளே இறங்கி மஞ்சளான மேல் அடுக்கை மட்டும் அள்ளச் சொன்னார். சன்னாசி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குச் சிவானந்தம், "அர்ஜுனனப் பார்க்காதே, அவன் அந்த ஓட்டையில நுழைய மாட்டான். உன் பொண்டாட்டி ஊத்தினது, நீயே அள்ளு" என்றார். அது உத்தரவு. சன்னாசி தானாக ஏறினார் என்பது உண்மை இல்லை. நைட்ரஜனை மூடிவிடலாமா என்று நான் கேட்டதற்கு, "வேணாம், வேணாம். அடியில இருக்கிறது இன்னும் கொஞ்சம் நல்ல மணி. காத்துப் பட்டா அதுவும் போச்சு" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுக் கீழே ஆபீசுக்குப் போய்விட்டார்.

நானும் சன்னாசியும் மேல் தட்டுக்கு ஏறினோம். அங்கே சிவப்புச் சக்கரத்தில் இராஜம்மா வைத்த பொட்டு நேர் மேலே இருந்தது. அதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று ஐயா கேட்கிறீர்கள். அதைப் பார்த்து நான் ஒரு வேடிக்கை சொன்னேன், அதனால் நினைவிருக்கிறது. "மச்சான், பொட்டு வச்சதும் இந்தச் சக்கரம் அசல் என் மாமியார் மாதிரியே முறைக்குது பாரேன் லா" என்றேன். சன்னாசி காதை அதன் பக்கம் சாய்த்து, "அதேதான். உஸ்ஸு உஸ்ஸுன்னு சலிச்சுக்கவும் செய்யுது" என்றார். இருவரும் சிரித்தோம். அந்த உஸ் என்ற சத்தம் நைட்ரஜன் போகிற சத்தம். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

அதன் பிறகு அவர் கயிற்று ஏணியில் இறங்கினார். கயிறு வாளிக்குத்தான் கட்டியிருந்தது, ஆளுக்குக் கட்டவில்லை. முதல் வாளி பாதிதான் நிரம்பி மேலே வந்தது. என்ன மச்சான், சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி அள்ளுகிறாயா என்று கேட்டுக்கொண்டே கொட்டிவிட்டு வாளியைத் திரும்ப இறக்கினேன். விளக்கு உள்ளே மணியின் மேல் கிடந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் நிழலில் இருந்தது. பொண்டாட்டியைச் சொன்னதில் கோபமாக இருக்கிறார் போலிருக்கிறது, கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, என் மாமியார் நண்டு வாங்கின கதையை ஆரம்பித்தேன். என் மாமியார் பாசிர் பெனம்பாங்கிலே கூடையில் கிடந்த நண்டைப் பார்த்து, செத்த நண்டை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார். செத்ததுதான் என்று காட்ட விரலால் குத்தினார். நண்டு விரலைக் கவ்விக்கொண்டது. இந்தக் கதையில் நண்டு கவ்வுகிற இடத்தில் சன்னாசி எப்போதும் சிரிப்பார், எத்தனை முறை கேட்டாலும் சிரிப்பார். அந்த இடம் வந்தது. நான் நிறுத்திக் காத்திருந்தேன்.

அதன் பிறகு கத்தினேன். நான் கத்தினது கீழே கேட்டும், ரேடியோ பாடுகிறது என்று மூட்டைப் பகுதியில் சிலர் சிரித்ததாகப் பின்னால் சொன்னார்கள். நான் அவரை எட்டிப் பிடிக்க உள்ளே தலையை விட்டேன். வயிறு மூடியின் வளையத்தில் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. தலையை இன்னும் உள்ளே நீட்டி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த வயிற்றை நான் ஆயுள் முழுவதும் திட்டியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் இந்த வாக்குமூலம் சொல்ல ஆள் இல்லை.

என்னை யாரோ பின்னாலிருந்து இழுத்துத் தட்டில் போட்டார்கள். கண் விழித்தபோது சிவானந்தம் படியேறி ஓடி வந்தார். ஓட்டையில் எட்டிப் பார்த்தார். அதன் பிறகு அவர் முதலில் செய்த காரியம், சிவப்புச் சக்கரத்தைப் பிடித்து மூடியது. பல சுற்றுச் சுற்றினார். உஸ் என்ற சத்தம் நின்றது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகுதான் காற்றாடி கொண்டு வா, கயிறு கொண்டு வா என்று கத்தினார். ஆட்கள் வந்து காற்று அடித்துச் சன்னாசியை வெளியே தூக்கினார்கள். நான் படுத்த இடத்திலிருந்து பார்த்தபோது சக்கரத்தில் பொட்டு அடிப்பக்கம் இருந்தது. சிவானந்தம் என் பக்கத்தில் குனிந்து, "அர்ஜுனா, வால்வு மூடித்தான் இருந்துச்சு. பூஜைக்கு முந்தியே மூடியாச்சு. என்ன, தெரியும்ல?" என்றார். நான் பதில் சொல்லாமல் இருந்தது அநேகமாக அன்றுதான் முதல் தடவை.

சன்னாசியைக் கீழே கொண்டுவந்து கிடத்தியபோது இராஜம்மா கேன்டீனிலிருந்து ஈரக்கையோடு வந்தார். அவர் அழவில்லை. சன்னாசியின் பாதத்தில் மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தன. முந்தானையால் துடைத்தார், போகவில்லை. பாகு காய்ந்தால் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்தார். எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போச்சா அண்ணே?" என்று கேட்டார். சன்னாசி வழியிலேயே இறந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த வாயு அடைந்து நிறைந்த இடத்தில் மூச்சுக்குக் காற்று இருக்காது என்பதும் அங்கேதான் எனக்குத் தெரிந்தது. மயக்கம் என்று என்னையும் அங்கே வைத்துக்கொண்டதால் அன்று என்னை யாரும் விசாரிக்கவில்லை. சிவானந்தம் சொன்னதுதான் எழுதப்பட்டது. வாயு பூஜைக்கு முன்பே மூடப்பட்டது, அதற்குப் பிறகு அந்தச் சக்கரத்தை ஒருவரும் தொடவில்லை, மனைவி செய்த கேட்டை மறைக்கச் சன்னாசி குடித்துவிட்டுத் தானாக இறங்கினார் என்று அவர் சொன்னதாக அறிகிறேன். சன்னாசி விரதம் இருந்து மாலை போட்டிருந்தவர். பூஜை மாதத்தில் கள்ளுக்கடைப் பக்கமே போகமாட்டார். நான் போவேன், அதனால் எனக்குத் தெரியும்.

கருமாதிக்கு முதல் நாள், வழக்கப்படி கடைசியாக ஒரு முறை பூசிவிட இராஜம்மாவுக்குப் பெண்கள் மஞ்சள் கொண்டுவந்தார்கள். என் மனைவி லெட்சுமியும் போயிருந்தாள். இராஜம்மா தட்டைத் தள்ளிவிட்டு, "வேணாம் அக்கா. நான் மஞ்சள் கரைச்சா ஆள் சாவுது" என்றாராம். இதை லெட்சுமி வந்து சொன்ன பிறகு எங்கள் வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை.

அதன் பிறகு முந்தாநாள் சிவானந்தம் இராஜம்மா வீட்டுக்கு வந்து, பெரியவர்கள் சிலர் இருக்கும்போதே, தூணைக் கெடுத்ததற்காகக் கம்பெனி அவர் மேல் போலீசில் புகார் கொடுக்கப் போவதாகவும், 'என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமல்தான் இறங்கினார்' என்று இராஜம்மாவே ஸ்டேஷனில் வந்து சொல்லிவிட்டால் புகாரை விட்டுவிடுவதாகவும் சொன்னார். சொல்கிறேன் என்று இராஜம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். புகாருக்குப் பயந்து ஒப்புக்கொள்ளவில்லை. தன் ஆரத்தித் தண்ணீரால்தான் புருஷன் செத்தார் என்றே அவர் நம்புகிறார். நாளைக்கு அவர் இங்கே வந்து அப்படிச் சொல்லிவிட்டால், புருஷனைக் கொன்றவள் என்று தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அதனால்தான் நான் இன்றைக்கே வந்தேன்.

நான் வேடிக்கை பேசுகிறவன், என் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கம்பெனியில் சொல்வார்கள். என் பேச்சை விட்டுவிடுங்கள். சக்கரத்தைப் போய்ப் பாருங்கள். பூஜைக்கு முன்பே மூடி, பிறகு யாரும் தொடவில்லை என்றால், பொட்டு வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். சாமி கும்பிடுகிற யாரும் பொட்டை அடியில் வைப்பதில்லை. ஒரு விஷயம், சீக்கிரம் போக வேண்டும். கம்பெனி முழுக்கத் துரு பிடித்துக் கிடக்க, மேல் தட்டுக்கு மட்டும் சாயம் அடிக்க ஆள் வருகிறான் என்று நேற்றுக் கேன்டீனில் பேச்சு.

ஆரத்தித் தண்ணீர் ஆளைக் கொல்லாது என்று ஒரு வரி எழுதும்படி ஐயாவைக் கேட்டேன். அது அபிப்பிராயம், சாட்சி கண்டதையும் கேட்டதையும் மட்டும்தான் எழுத முடியும் என்று ஐயா சொன்னார். சரி என்றேன்.

நான் சொன்னதை எனக்குத் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டினார்கள். இதில் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. வழக்கமாகக் கூட்டிச் சொல்கிறவன் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவைக்கவில்லை. அறிந்து சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) செ. அர்ஜுனன்

பதிவு செய்தவர் குறிப்பு:

மேற்படி வாக்குமூலம் முடிந்தவுடன் சாட்சியையும் ஒரு கான்ஸ்டபிளையும் அழைத்துக்கொண்டு கம்பெனிக்குச் சென்றேன். போகும் வழியில் இராஜம்மாவும் அழைத்துக்கொள்ளப்பட்டார். மேல் தட்டில் சாயம் அடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, நிறுத்தப்பட்டது. நைட்ரஜன் வால்வின் சக்கரம் மூடிய நிலையில், புதிதாகச் சிவப்புச் சாயம் பூசப்பட்டு, ஈரம் காயாமல் இருந்தது. பொட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்தபோது, சக்கரத்தின் நேர் அடியில் ஓரிடத்தில் மட்டும் சாயம் மேடாக இருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டியதில் காய்ந்த சந்தனமும் அதன் மேல் குங்குமமும் இருந்தன. இது திரு. சிவானந்தத்துக்குக் காட்டப்பட்டது.

இராஜம்மா தட்டுக்கு ஏற்றிவரப்பட்டு, இந்தப் பொட்டை வைத்தது யார் என்று கேட்கப்பட்டார். அவர் குனிந்து பார்த்தார். "நான்தான் வச்சேன்" என்றார். பிறகு, "ஆனா நான் கீழ வைக்கலையே ஐயா" என்றார்.

(ஒப்பம்) சார்ஜன் நல்லசாமி